வன்கண்ணும் நேசவைராக்கியமும்
இரு ஆங்கிலச் சொற்களும் நம் தமிழ் வேதாகமமும்

பத்துக் கற்பனைகளை மனப்பாடமாய்ச் சொல்லும் சிறுவர் தயக்கமின்றிச் சொல்லிவிடுகிற ஒரு சொல், அவர்கள் வளர்ந்து சிந்திக்கத் தொடங்கியபின் பலருக்கு இடறலாகிறது. விக்கிரக வணக்கத்தைத் தடைசெய்யும் கற்பனையில் (லுத்தரன் சபையார் எண்ணும் முறையில் அது முதற்கற்பனையின் பகுதி) கர்த்தர் தம்மை "எரிச்சலுள்ள" தேவன் என்று அறிமுகம் செய்கிறார் (யாத். 20:5). அச்சொல் விளங்காத மாணவன் ஆங்கில வேதாகமத்தைப் புரட்டுகிறான். அங்கே "ஜெலஸ்" என்றிருக்கிறது. பிறகு அகராதியைப் புரட்டுகிறான். அங்கே "பொறாமையுள்ள" என்றிருக்கிறது. ஆக மூன்றே படிகளில் அவன் பொறாமைகொள்ளும் தெய்வம் ஒன்றின் முன் வந்து நிற்கிறான்.

பிறர் வாழப் பொறாத தெய்வமா நம் தேவன் என்ற கேள்வி வகுப்பறையிலும் வாலிபர் கூட்டத்திலும் எழும்போது, "இது பரிசுத்தமான பொறாமை" என்று விடைகூறி அமைகிறவர் உண்டு. பரிசுத்தமான திருட்டு என்று ஒன்று இல்லாததுபோலவே பரிசுத்தமான பொறாமை என்றும் ஒன்று இல்லை. அவ்விடை கேள்வியை மூடுகிறதேயன்றித் தீர்ப்பதில்லை.

இக்குழப்பத்தின் ஒரு பகுதி ஆங்கிலத்திலிருந்து வந்தது. "என்வி", "ஜெலஸி" என்னும் இரு பெயர்ச்சொற்களையும் ஆங்கிலம் பேசுவோரே இந்நாளில் ஒன்றன் இடத்தில் மற்றொன்றாய் வழங்குகின்றனர். மறுபகுதி நம் தமிழ் வேதாகமத்திற்குள்ளேயே இருக்கிறது. இரண்டையும் ஆராய்வது மொழிநுட்பம் அறியும் இன்பத்திற்காக மட்டுமன்று. தேவனைப்பற்றி நாம் பிரசங்கிப்பதும், ஊழியராகிய நாம் நம்மைப்பற்றி எண்ணிக்கொள்வதும் இவ்வேறுபாட்டில் அடங்கியிருக்கின்றன.

1. ஆங்கிலத்தின் இரு சொற்கள்

"என்வி" என்பது "இன்விதியா" என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து பழைய பிரெஞ்சு மொழியின் வழியாய் வந்தது. அதன் வேர்வினை பார்த்தலைக் குறிக்கும். பிறனுடைய நன்மையைத் தீய கண்ணோடு நோக்குவதே அதன் முதற்பொருள். "ஜெலஸி" அவ்வாறே இலத்தீன், பிரெஞ்சு வழியாய் வந்ததாயினும் அதன் பிறப்பிடம் "ஸேலோஸ்" என்னும் கிரேக்கச் சொல். கொதிப்பையும் ஆர்வத்தையும் குறிக்கும் அச்சொல்லிலிருந்தே "ஸீல்" என்னும் ஆங்கிலச் சொல்லும் பிறந்தது. ஆகவே பிறப்பை நோக்கினால் ஜெலஸியின் உடன்பிறப்பு "ஸீல்" என்னும் பக்திவைராக்கியமே. "என்வி" அவ்வீட்டில் பிறந்ததன்று.

பொருளை நோக்கினாலும் வேறுபாடு தெளிவு. என்விக்கு வேண்டியவர் இருவர். ஒருவனிடம் நன்மை இருக்கிறது. மற்றவன் அதைக் கண்டு வருந்துகிறான். அந்நன்மை தனக்குக் கிடைக்கவேண்டும் என்பதுகூட அவனுக்கு இன்றியமையாததன்று. அது அவனிடம் இல்லாமற்போனால் போதும். ஜெலஸிக்கு வேண்டியவர் மூவர்: அன்புகூருகிறவன், அன்புகூரப்படுகிறவள், இடையில் நுழைகிறவன். என்வி தனக்கு இல்லாததைக் குறித்தது. ஜெலஸி தன்னுடையதைக் குறித்தது. பிறனுடைய உடைமையின்மேல் கண்வைப்பது முன்னது. தன் உறவை இழந்துவிடாதபடி காப்பது பின்னது. மனநல ஆராய்ச்சியாளரான மெலனி கிளைன் 1957இல் என்வியையும் நன்றியுணர்வையும்பற்றி எழுதிய நூலிலும், இருவர்க்குரியது, மூவர்க்குரியது என்ற இவ்வேறுபாட்டையே வற்புறுத்தினார்.

ஷேக்ஸ்பியரின் "ஒத்தெல்லோ" நாடகத்தைக் கற்றவர்க்கு இதைக் காட்ட அதுவே போதும். மனைவி தன்னைவிட்டு வேறொருவன்மேல் மனம்வைத்தாள் என்று நம்பி எரிகிற ஒத்தெல்லோ ஜெலஸியின் உருவம். தனக்குக் கிடைக்கவேண்டிய பதவி காசியோவுக்குப் போயிற்றே என்று புழுங்கி, இருவரையும் அழிக்கத் துணிகிற இயாகோ என்வியின் உருவம். இதில் நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. இயாகோவும் தன் மனைவியைக் குறித்துத் தனக்குச் சந்தேகம் இருப்பதாய் ஓரிடத்தில் சொல்லிக்கொள்கிறான். தன்னை வஞ்சிக்கப்பட்ட கணவனாகக் காட்டிக்கொள்வது அவன் தேடிய சாக்கு. என்வி தன் சொந்தப் பெயரில் வெளியே வர வெட்கப்பட்டு, ஜெலஸியின் அங்கியைக் கடன்வாங்கிக்கொள்கிறது. இதை நாம் பின்னர் நினைவுகூர வேண்டியிருக்கும்.

2. மூலமொழிகள்

இவ்வேறுபாட்டை மூலமொழிகளில் அப்படியே காணலாம் என்று எண்ணினால் ஏமாந்துபோவோம். எபிரெயத்தில் "கின்ஆ" என்ற ஒரே சொல் பல வேலைகளைச் செய்கிறது. ராகேல் தன் சகோதரிமேல் கொண்டதும் (ஆதி. 30:1), யோசேப்பின் சகோதரர் அவன்மேல் கொண்டதும் (ஆதி. 37:11) அவ்வேரிலிருந்து வந்த வினைச்சொல்லாலேயே கூறப்படுகின்றன. மனைவியைப்பற்றிக் கணவன் கொள்ளும் சினமும் (நீதி. 6:34), எலியா கர்த்தருக்காகக் கொண்ட ஆர்வமும் (1 இராஜா. 19:10) அச்சொல்லே. முகம் சிவந்து கொதிப்பதே அதன் அடிப்படைப் பொருள் எனச் சொல்லாராய்ச்சியாளர் சிலர் கருதுவர்.

ஆயினும் ஓர் எல்லைக்கோடு உண்டு. "கன்னா" என்னும் அடைமொழி பழைய ஏற்பாட்டில் ஆறுமுறை வருகிறது. ஆறுமுறையும் தேவனுக்கே வழங்குகிறது. மனிதர் எவர்க்கும் அது சூட்டப்படவில்லை. அவ்விடங்கள் யாவும் சீனாய் உடன்படிக்கையையும் அந்நிய தெய்வங்களை விலக்குவதையும் சார்ந்தவை (யாத். 20:5, 34:14, உபா. 4:24, 5:9, 6:15). ஆதலால் அது தேவனுடைய மனநிலையைப்பற்றிய பொதுவான வருணனையன்று. உடன்படிக்கைக்குள் வந்த ஜனத்தோடு அவர் கொண்ட உறவைக் குறிக்கும் பெயர். ஓசியா தொடங்கித் தீர்க்கதரிசிகள் அவ்வுறவைத் திருமணமாகக் கண்டனர். பாகாலிடம் இருக்கிற எதையும் கர்த்தர் இச்சிக்கவில்லை. இச்சிக்க அங்கே ஒன்றுமில்லை. தம்முடையவள் தம்மை விட்டுப் போவதையே அவர் பொறுக்கவில்லை.

கிரேக்கத்தில் இரு சொற்கள் உள்ளன. "ஃப்தோனொஸ்" என்பது வன்கண். அதற்கு நற்பொருள் பெரும்பாலும் கிடையாது. "ஸேலோஸ்" நன்றாகவும் தீதாகவும் இருக்கக்கூடும். அரிஸ்டாட்டில் தம் "சொல்லாட்சிக்கலை" நூலின் இரண்டாம் பகுதியில் இவற்றை அடுத்தடுத்த அதிகாரங்களில் வைத்து வேறுபடுத்துகிறார். அவன் பெற்றிருக்கிறானே என்று வருந்துவது ஃப்தோனொஸ். நான் பெறவில்லையே என்று வருந்தி முயல்வது ஸேலோஸ்.

கிரேக்கரின் பழங்கதைகளில் தேவர்கள் மனிதரின் செழிப்பைக் கண்டு ஃப்தோனொஸ் கொள்கின்றனர். ஹெரொடோட்டஸ் எழுதிய வரலாற்றில் இவ்வெண்ணம் மீண்டும் மீண்டும் தலைகாட்டும். பிளேட்டோ இதை மறுத்தார். நல்லவராகிய சிருஷ்டிகரிடம் ஃப்தோனொஸ் தோன்ற வழியில்லை என்பது "திமேயு" நூலில் அவர் கொண்ட முடிவு. இப்பின்னணியில் எழுபதின்மர் மொழிபெயர்ப்பாளர் செய்ததைப் பாருங்கள். சீனாயின் தேவனுக்கு அவர்கள் ஸேலோஸ் வழிவந்த அடைமொழியையே சூட்டினர். தள்ளுபடியாகமங்களில் ஒன்றாகிய சாலொமோனின் ஞானம், உலகில் மரணம் நுழைந்ததற்குக் காரணமாகப் பிசாசின் ஃப்தோனொஸைக் கூறுகிறது (2:24). தேவனுக்கு ஸேலோஸ், பிசாசுக்கு ஃப்தோனொஸ்: சினாகோகாவின் கிரேக்கம் வகுத்துக்கொண்ட பாகுபாடு அது. தேவனிடம் வன்கண் இல்லை என்ற பிளேட்டோவும், தேவன் தம் ஜனத்தின்மேல் கொதிப்புள்ளவர் என்ற மோசேயும் ஒருவரையொருவர் மறுக்கவில்லை. அவர்கள் பேசுவது இரு வேறு பொருள்களைப்பற்றி.

புதிய ஏற்பாடும் பெரும்பாலும் இவ்வழியே செல்கிறது. பிரதான ஆசாரியர் இயேசுவை ஒப்புக்கொடுத்ததற்குப் பிலாத்து கண்டறிந்த காரணம் ஃப்தோனொஸ் (மாற். 15:10). மாம்சத்தின் கிரியைகளில் ஸேலோஸும் ஃப்தோனொஸும் தனித்தனியே எண்ணப்படுகின்றன (கலா. 5:20, 21). யாக்கோபு 4:5 மட்டும் கடினமான விலக்கு. அங்கே ஃப்தோனொஸ் தேவனுடைய வாஞ்சையோடு சேர்ந்து வருகிறதோ, மனித ஆவியின் வாஞ்சையோடு சேர்ந்து வருகிறதோ என்பதில் உரையாசிரியர் ஒருமனப்படவில்லை. நம் தமிழ் மொழிபெயர்ப்பு முன்னதைத் தெரிந்துகொண்டு "வைராக்கிய வாஞ்சை" என்று கூறுகிறது.

3. நம் தமிழ் வேதாகமம்

ஹென்றி பவர் ஐயர் தலைமையில் திருத்தப்பெற்று 1871இல் நிறைவுற்ற மொழிபெயர்ப்பே நம் சபைகளின் செவியில் ஊறியிருக்கிறது. கின்ஆ என்னும் ஒரே சொல்லையும் அதன் வினையையும் அது நான்கு விதமாய்ப் பெயர்க்கிறது: பொறாமை, எரிச்சல், வைராக்கியம் அல்லது பக்திவைராக்கியம், நேசவைராக்கியம். இடத்திற்கேற்பச் சொல்லை மாற்றுவது குற்றமன்று. எபிரெயச் சொல் அகன்றதாய் இருக்கையில் அது தேவையுங்கூட. எலியாவைப்பற்றிய இடத்தில், ஆங்கிலத்தின் பழைய மொழிபெயர்ப்பு (1611) "ஜெலஸ்" என்று நின்றுவிட, நம்மவர் "பக்திவைராக்கியம்" என்று எழுதியது அதனிலும் தெளிவு.

ஆனால் அவர்கள் வகுத்த கோடு எங்கே விழுந்திருக்கிறது என்பதை நாம் கேட்கவேண்டும். எண்ணாகமம் 25:11ஐ எடுத்துக்கொள்வோம். எபிரெயத்தில் அவ்வொரே வசனத்தில் அவ்வேர் மும்முறை வருகிறது. கர்த்தர் கொண்ட கின்ஆவையே பினெகாசும் கொண்டான். ஆதலால் கர்த்தர் தம் கின்ஆவினால் ஜனத்தை அழிக்கவில்லை என்பது அதன் கருத்து. தமிழிலோ பினெகாசிடம் காணப்படுவது "பக்திவைராக்கியம்". கர்த்தரிடம் காணப்படுவது "எரிச்சல்". மனிதனுடையது உயர்ந்த சொல்லையும் தேவனுடையது தாழ்ந்த சொல்லையும் பெற்றன. தேவனுடைய இருதயத் துடிப்பில் ஒரு மனிதன் பங்குபெற்றான் என்னும் மூலத்தின் செய்தி தமிழில் முற்றும் மறைந்துபோயிற்று.

இன்னொன்று. சீயோனை மீட்க எழும்பும்போது கர்த்தருடைய கின்ஆ தமிழில் "வைராக்கியம்" ஆகிறது (ஏசா. 9:7, சக. 1:14). விக்கிரகத்தின் பின்சென்ற ஜனத்தைக் கண்டிக்கும்போது அதுவே "எரிச்சல்" ஆகிறது. ஆகவே தமிழ் வாசகன் மீட்கும் தேவனையும் கண்டிக்கும் தேவனையும் இரு மனநிலைகளில் காண்கிறான். எபிரெய வாசகன் கண்டது ஒரே அன்பு. மீட்பதற்கும் கண்டிப்பதற்கும் காரணம் ஒன்றே: இவர்கள் என்னுடையவர்கள் என்பது.

"எரிச்சல்" என்ற சொல்லைத் தெரிந்தோர் காரணமின்றித் தெரியவில்லை. அதில் எரி இருக்கிறது. உபாகமம் 4:24 தேவனைப் பட்சிக்கும் அக்கினி என்றும் கன்னா என்றும் ஒருங்கே கூறுவதால், அவ்விடத்திற்கு அது பொருத்தமே. ஆனால் அச்சொல் இன்று நம் மக்கள் வாயில் எவ்வாறு வழங்குகிறது? கண்ணெரிச்சல், நெஞ்செரிச்சல் என்று உடல்நோவைக் குறிக்கிறது. சிறு காரியத்திற்கும் சிடுசிடுக்கும் குணத்தைக் குறிக்கிறது. எல்லாவற்றிற்கும் மேலாக "வயிற்றெரிச்சல்" என்று அடுத்தவன் வாழ்வைக் கண்டு புழுங்குவதைக் குறிக்கிறது. அதாவது ஆங்கிலத்தின் என்வியையே குறிக்கிறது! தேவனிடத்தில் இருக்கவே முடியாத ஒன்றின் சாயல் அவருடைய பெயரில் ஒட்டிக்கொண்டது.

"வைராக்கியம்" என்னும் சொல்லும் குறையற்றதன்று. வடமொழியில் அது பற்றின்மையை, ஆசையறுத்த துறவுநிலையைக் குறிக்கும். நாமோ தேவனுடைய தீராத பற்றைக் குறிக்க அதைக் கையாளுகிறோம். தமிழில் அது மனவுறுதி என்னும் பொருளுக்கு நெடுநாளுக்குமுன் இடம்பெயர்ந்துவிட்டதால் நம் காதுக்கு முரண் தோன்றுவதில்லை. ஆயினும் சைவ, வைணவ நூற்பயிற்சியுள்ள ஒருவரோடு உரையாடும் ஊழியர் இதை அறிந்திருத்தல் நலம்.

இவ்விரு சொற்களினும் சிறந்த ஒன்று அம்மொழிபெயர்ப்பிற்குள்ளேயே ஓர் ஓரத்தில் இருக்கிறது. உன்னதப்பாட்டு 8:6இல் அதே கின்ஆ "நேசவைராக்கியம்" என்று பெயர்க்கப்பட்டிருக்கிறது. அன்பிலிருந்து பிறந்தது என்பதை "நேசம்" காட்டுகிறது. விட்டுக்கொடாதது என்பதை "வைராக்கியம்" காட்டுகிறது. அதன் கொடுமையையும் அழலையும் அவ்வசனம் மறைக்கவில்லை. கின்ஆவைப் பாதாளத்தோடு ஒப்பிட்டு, நெருப்பின் உவமையும் கூறுகிறது. மணவாட்டியின் பாட்டிற்கு ஏற்ற சொல் மணவாளனாகிய கர்த்தரின் கற்பனைக்கு ஏலாதா? கற்பனைப் பலகையின் பாடத்தை ஒரு நாளில் மாற்றுவது ஒருவராலும் ஆகாது. ஆராதனையில் ஊறிய சொற்களைத் திடீரென்று அகற்றுவது நன்றுமன்று. எனினும் பிரசங்கபீடத்திலும் திடப்படுத்தல் வகுப்பிலும், எரிச்சல் என்று வாசித்து நேசவைராக்கியம் என்று விளக்க நமக்குத் தடையில்லை.

என்விக்கும் நம் வேதாகமத்தில் நல்ல தமிழ் உண்டு. திராட்சத்தோட்டத்து உவமையில் எஜமானின் தயாளத்தைக் கண்டு முறுமுறுத்தவனை அது "வன்கண்ணன்" என்கிறது (மத். 20:15). சவுல் தாவீதைப் பார்த்த பார்வையைக் "காய்மகாரம்" என்கிறது (1 சாமு. 18:9). இரண்டிலும் மூலம் பேசுவது கண்ணைப்பற்றி. இலத்தீன் இன்விதியாவும் கண்ணைப்பற்றியதே. வன்கண் என்னும் சொல்லை வழக்கில் விட்டுவிட்டது நமக்கு நட்டம்.

4. வள்ளுவரிடம் ஒரு சான்று

இவ்வேறுபாடு மேனாட்டவர் கொண்டுவந்தது என்று எண்ணுவோர் திருக்குறளை நோக்கலாம். அறத்துப்பாலில் பதினேழாம் அதிகாரம் அழுக்காறாமை. பிறர் ஆக்கம் பொறாத மனத்தை வள்ளுவர் அங்கே பத்துக் குறளிலும் கண்டிக்கிறார். அதற்கு ஒரு சாக்கும் அவர் ஏற்பதில்லை. அடுத்த அதிகாரம் வெஃகாமை. பிறன் பொருளைக் கவர விரும்பாமையைப்பற்றியது. ஆனால் காமத்துப்பாலின் கடைசி மூன்று அதிகாரங்களும் புலவியையும் ஊடலையும் பேசுகின்றன. கணவன் தும்மினான் என்பதற்காக, எவள் நினைத்ததால் தும்மினீர் என்று அழும் தலைவியை அங்கே காண்கிறோம். அவளை வள்ளுவர் கண்டிக்கவில்லை. அவள் ஊடலை அன்பின் சுவையாகக் காட்டி நூலையே அவ்வுவகையோடு முடிக்கிறார். அழுக்காறு அறத்துப்பாலில் விலக்கப்பட்டது. ஊடல் இன்பத்தில் இடம்பெற்றது. என்வியையும் ஜெலஸியையும் இதனினும் தெளிவாய்ப் பிரித்து இருத்த முடியுமோ?

ஊடல் தேவனுடைய கின்ஆவுக்கு நிகர் என்று நாம் சொல்லவில்லை. ஊடலில் விளையாட்டு உண்டு. இல்லாத போட்டியாளரையும் அது கற்பித்துக்கொள்ளும். இஸ்ரவேலின் துரோகமோ மெய்யானது. கர்த்தருடைய துக்கமும் மெய்யானது. ஆயினும் அன்பில்லாதவன் ஊடுவதில்லை என்று அறிந்த தமிழனுக்கு, தம் ஜனம் எங்கே போனாலும் கவலையற்றிருக்கும் தேவனைவிட நேசவைராக்கியமுள்ள தேவனை விளங்கிக்கொள்வது எளிது.

5. ஊழியருக்குரிய சோதனை

இதுவரை தேவனைப்பற்றிப் பேசினோம். இனி நம்மைப்பற்றி. ஜெலஸிக்கு அடிப்படை "என்னுடையது" என்னும் உரிமை என்று கண்டோம். சபையைப்பற்றி அவ்வாறு சொல்ல உரிமையுள்ளவர் ஒருவரே. போதகர் "என் சபை" என்று சொல்வது வழக்குச்சொல். அதை அவர் உள்ளபடியே நம்பத் தொடங்கினால் ஆபத்து தொடங்குகிறது. தம் சபையார் வேறொரு ஊழியரின் கூட்டத்திற்குப் போய்வந்தால் அவர் எரிகிறார். தமக்குப்பின் வந்த உடன்போதகரின் பிரசங்கத்தை மக்கள் மெச்சினால் அவர் எரிகிறார். அவ்வெரிச்சலுக்கு "மந்தையைக் காக்கும் வைராக்கியம்" என்று பெயரிடுகிறார். இயாகோ கடன்வாங்கிய அங்கியை இங்கே மறுபடியும் காண்கிறோம். பேராய மன்றத் தேர்தல்களிலும் சபைக் குழுக்களின் வழக்குகளிலும் "சத்தியத்திற்காக நிற்கிறோம்" என்ற முழக்கத்தின் கீழே எத்தனைமுறை வன்கண் ஒளிந்திருக்கிறது என்பதை நம்மில் அறியாதவர் யார்? பவுல் சிறையிலிருந்து எழுதும்போது, கிறிஸ்துவைப் பிரசங்கிப்போரிலேயே சிலர் ஃப்தோனொஸினால் பிரசங்கிப்பதைக் குறிப்பிடுகிறார் (பிலி. 1:15). பிரசங்கத்தின் பொருள் கிறிஸ்துவாயிருப்பது பிரசங்கியின் உள்ளத்திற்கு உத்தரவாதமன்று.

வேதம் இதற்கு மூன்று சோதனைகளைத் தருகிறது. முதலாவது, எல்தாத் மேதாத் என்பவர்கள் பாளயத்தில் தீர்க்கதரிசனம் சொன்னபோது யோசுவா அவர்களைத் தடுக்கும்படி வேண்டினான். மோசே அவனிடம் கேட்ட கேள்வியில் வருவது கின்ஆவின் வினையே (எண். 11:29). யோசுவா காத்தது கர்த்தருடைய மகிமையையன்று, தன் தலைவனுடைய மதிப்பை. மற்றவன் வரம்பெற்றதற்கு மகிழமுடிகிறதா என்பதே முதற்சோதனை.

இரண்டாவது, யோவான்ஸ்நானனின் சீஷர் ஜனங்கள் எல்லாரும் இயேசுவினிடம் போகிறார்கள் என்று முறையிட்டபோது, அவன் தன்னை மணவாளனுடைய தோழன் என்று சொல்லிக்கொண்டான் (யோவா. 3:26-30). தோழனுக்கு மணவாட்டியின்மேல் உரிமையில்லை. மணவாளனின் சத்தத்தில் அவனுக்குச் சந்தோஷம். மக்கள் நம்மைவிட்டுக் கிறிஸ்துவினிடம் நெருங்கினால் நமக்கு அது இழப்பா, நிறைவா என்பது இரண்டாம் சோதனை.

மூன்றாவது, பவுல் கொரிந்தியரைக்குறித்துத் தாம் கொண்ட ஸேலோஸ் தேவனுடையது என்று துணிந்து கூறுகிறார், ஏனெனில் அவர்களைத் தமக்கல்ல, கிறிஸ்துவுக்கே நியமித்தார் (2 கொரி. 11:2). அதே நிருபத்தில் அவர்களுக்காகத் தாம் பட்ட அடிகளையும் காவல்களையும் பசியையும் எண்ணிக்காட்டுகிறார். வன்கண் பிறனுக்கு நட்டம் வருவிக்கும். நேசவைராக்கியம் தானே நட்டத்தை ஏற்கும். நம் வைராக்கியத்தின் செலவை ஏற்பவர் யார் என்பது மூன்றாம் சோதனை.

தேவாலயத்தைச் சுத்திகரித்த நாளில், சீஷர் இயேசுவைக்குறித்து நினைவுகூர்ந்த சங்கீத வசனம் அவரைப் பட்சித்த ஸேலோஸைப்பற்றியது (யோவா. 2:17). அது பட்சித்தது அவரையே, பிறரையன்று. பிரதான ஆசாரியரின் ஃப்தோனொஸும் குமாரனின் ஸேலோஸும் கல்வாரியில் எதிரெதிரே நின்றன. முன்னது கொன்றது, பின்னது தன்னை ஒப்புக்கொடுத்தது. கற்பனைப் பலகையில் "எரிச்சல்" என்று நாம் வாசித்த சொல்லுக்கு முழுமையான உரை அங்கேயே எழுதப்பட்டிருக்கிறது. அவ்வுரையைக் கற்றவர் தேவனைப் பொறாமையுள்ளவர் என்று சொல்லார். தம் பொறாமையைத் தேவனுடையது என்றும் சொல்லார்.